மூன்றாவது சாவி

ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த தம்பதியில், கணவர் மனைவியிடம் மெல்லக் கேட்டார்: "கேஸ் போட்டவனையே உள்ள தூக்கி வச்சிடுவாங்களா?"

"இன்னாய்யா ஒளர்ற? ஸ்கூட்டரத் திருட்டு குடுத்தது நாம. இன்சூரன்ஸ்காரன் பணம் தரலன்னு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறதும் நாம. அப்புறம் இன்னா பயம்?"

"ரெண்டு சாவியும் குடுத்தாத்தான் பணம்னான். வூட்ல ஒண்ணுதான் இருந்துச்சு. ஸ்டேஷன் வாசல்ல சாவிக்காரன்கிட்ட இன்னொண்ணு அடிச்சி, வண்டியோட வந்ததுன்னு குடுத்துட்டேன். அது டூப்ளிகேட்டுன்னு இன்னிக்கு கோர்ட்டுல காட்டப் போறானுங்க."

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே குங்குமம் அப்பிய ஒரு சாவி இருந்தது.

"வண்டி எடுத்த அன்னிக்கு பூஜையில வச்சது. சாமி படத்துக்குப் பின்னாடியே கெடந்துகினு இருந்துருக்கு. காலைல வெளக்கேத்தறப்பதான் பாத்தேன். ஜட்ஜுகிட்ட காட்டலாம்னு எடுத்தாந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே கொளவாய் ஏரி ஓடியது.

"அத காட்டுனா நான் மாட்டிக்குவேன். ஏரில வீசிடும்மே."

"சாமிக்கு வச்சதுய்யா. மாட்டேன்."

ஏரி முடிந்துவிட்டது. செங்கல்பட்டில் ரயில் நின்றதும் அவர் எழுந்து, திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்:

"கோர்ட்டுல எம்பக்கத்துல ஒக்காராத. நீ யாரோ, நான் யாரோ."