தங்க மூங்கில் வேலி

தங்க மூங்கில் வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மேடம். சீனாவிலிருந்து வந்த ஜாதி. பாதி நிழல் போதும். மண் காயாமல் தண்ணீர் விட வேண்டும், தேங்க விடக் கூடாது. வேர் பூமிக்கடியில் பக்கவாட்டில் ஓடும். அதனால் சுற்றிலும் இரண்டடி ஆழத்துக்குத் தடுப்பு புதைக்க வேண்டும். நீங்கள் உள்ளே வந்ததுமே வேலி அழகாக இருக்கிறது என்றீர்கள். இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்தது.

அழகுக்காக வைத்ததில்லை. என் மனைவி மணியம்மாளுக்காக வைத்தது. நாங்கள் இரண்டு பேருமே மில்லில் வேலை பார்த்தவர்கள். மில்லை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மூன்று வருஷமாக அவளுக்கு ஞாபகம் சரியில்லை. விடியற்காலையில் எழுந்து, "இன்னாங்க, சங்கு ஊதிட்டாங்க, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவாள். முன்கதவைப் பூட்டினால் தோட்டத்து வழியாகப் போவாள். பின்மதில் இடிந்து கிடந்தது. ஒருநாள் முத்தியால்பேட்டை முழுக்கத் தேடி, கடைசியில் கடற்கரைப் பாறைமேல் கண்டுபிடித்தேன். அலை அவள் முழங்கால்வரை அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன்.

"ஹோம்ல சேத்துடலாம்ப்பா, உன்னால முடியாது" என்றாள் மகள் சுமலதா. முடியாதுதான். ஆனால் அவளை அனுப்பிவிட்டு நான் யாருக்குச் சோறு பிசைந்து ஊட்டுவது? மதில் இடிந்த இடத்தில் மூங்கில் வைத்தேன்.

நன்றாகத்தான் வளர்ந்தது. செப்டிக் டேங்க் ஓரத்தில் மட்டும் மண் ஆழமில்லை. அங்கே கழிகள் மெலிந்து, நடுவில் ஓர் ஆள் நுழையும் சந்து விட்டு நின்றன. மணியம்மாளுக்குத் தன் பெயர் மறந்துவிட்டது, அந்தச் சந்து மறக்கவில்லை. கழிகளை விலக்கிக்கொண்டு போய்விடுவாள். செருப்பைப் பரண்மேல் ஒளித்து வைத்தேன். வெறுங்காலோடு போனாள். அதட்டினேன், கெஞ்சினேன், காலில் விழாத குறை. என்ன செய்வதென்றே தெரியவில்லை, மேடம்.

கழி வெட்டும்போது கணுவுக்குச் சற்று மேலே மட்டமாக வெட்ட வேண்டும். கன்று கொடுத்த நர்சரிக்கார அன்னக்கிளி படித்துப் படித்துச் சொன்னாள். "சாய்ச்சி வெட்டிடாதீங்கண்ணா. கத்தி மாதிரி நிக்கும், கால்ல ஏறிடும்." வேலி முழுக்க மட்டமாகத்தான் வெட்டியிருக்கிறேன், போய்ப் பாருங்கள். அந்தச் சந்தில் மட்டும் சாய்த்து வெட்டினேன். மேலே சருகைப் பரப்பி வைத்தேன். சருகு போட்டால் மூங்கிலுக்கு நல்லது.

சின்னக் காயம் படும், நாலு நாள் நடக்காமல் இருப்பாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். மாத்திரை கொடுப்பதே நான்தானே. கழி ஏறிய கால் வீங்கியது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். வாடை வர ஆரம்பித்த பிறகும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மனசு வரவில்லை. அந்த நாட்களில்தான் விடிந்தும் அவள் கட்டிலிலேயே இருந்தாள். நானும் வெகுகாலத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். சுமலதா வந்து பார்த்துப் பதறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நேற்று தோட்டத்துப் பக்கம் போன சுமலதா அந்த வெட்டுகளைப் பார்த்துவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. வெட்டியது நான்தான். எதற்கென்று தெரிந்துதான் வெட்டினேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சேர்த்து எழுதுங்கள்: மணியம்மாளை நான் ஒருநாளும் கைவிட்டதில்லை. இப்போது முன்கதவைப் பூட்டுவதுகூட இல்லை.

இன்று காலையும் சங்கு ஊதிவிட்டது என்றாள். "என் செருப்பு எங்கங்க, எடுத்துக் குடுங்க" என்றாள். பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, கட்டிலுக்குக் கீழே ஜோடியாக வைத்தேன். அவள் கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை, மேடம்.