க்ரம்லி வீட்டுத் துப்பாக்கியில் கோளாறு இல்லை

இந்தக் காப்பி பரவாயில்லை, ஷெரீஃப். எங்கள் வீட்டில் இதைவிடத் தண்ணீராகத்தான் போடுவார்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். 'ஓர்வில் க்ரம்லி, வயது எழுபத்துநான்கு. மானைச் சுட்டபோது குறிபார்க்கும் ஸ்கோப்பின் கோளாறினால் குறி தவறி, தங்கை கணவர் ஃப்ளாய்ட் மெஸ்ஸர் மீது குண்டு பாய்ந்து அவர் இறந்தார்.' நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள். "கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க பெரியவரே, ஆறிப்போறதுக்குள்ள சூப்பக் குடிங்க" என்றும் சொன்னீர்கள். போடாவிட்டால் சாகும்வரை சிறை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இதில் கையெழுத்திட முடியாது. என் துப்பாக்கியில் கோளாறு இல்லை.

நவம்பரில் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். தீயணைப்பு நிலையத்துக்கு நிதி திரட்ட நடந்த போட்டியில், குழல் வாய் வழியே வெடிமருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிகளுக்கு நூறு கஜம், மூன்று குண்டு. எனக்கு ஒன்று குறி அட்டையின் மேல்மூலையில் பட்டது, ஒன்று இடது ஓரத்தில். மூன்றாவது போன இடம் தெரியவில்லை.

"என்ன மச்சான், மான் சுடவா, காக்கா ஓட்டவா?" என்றான் ஃப்ளாய்ட். எல்லோரும் சிரித்தார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். மறுநாள் அந்த அட்டையை உணவு விடுதியில் ஆப்பிள் பை பலகாரம் வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே மாட்டிவிட்டான். க்ரம்லி என்ற பெயர் அதில் என் கையெழுத்திலேயே இருந்தது.

கோபத்தில் எதையும் செய்கிறவன் அல்ல நான். முறையாகப் பார்த்தேன். ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. ஸ்கோப்பின் திருகாணிகளை இறுக்கிப் பார்த்தேன். அவை ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தன. மருந்தின் அளவைச் சரிபார்த்தேன். வேறு குண்டு வாங்கிப் போட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்தது. ஒவ்வொரு வெடிக்கும் குழலின் அடியில் கரி வளையமாகப் படிகிறது. அடுத்த குண்டு அதில் தட்டி, மருந்தின் மேல் உட்காராமல் அரை விரற்கடை மேலேயே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறை சுட்டதும் குழலுக்குள் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். அவ்வளவுதான். அப்புறம் மூன்று குண்டுகளையும் ஒரு அரை டாலர் நாணயத்தால் மூடிவிடலாம்.

ஃப்ளாய்டிடம் போய்ச் சொன்னேன், அட்டையைக் கழற்று என்று.

"நீயே சுட்டு நீயே பாத்துக்கிட்டா எப்படி மச்சான்? சாட்சி யாரு, ஒங்க வீட்டு மாடா?"

"வந்து பாரு."

"இந்தக் குளிர்லயா? அட்டை அங்கயே தொங்கட்டும் போ. காப்பிக்கு நல்ல தொணையா இருக்கு."

வந்து பார்க்க மாட்டேன் என்கிறவனுக்கு அவன் இருக்கும் இடத்தில்தானே காட்ட முடியும்? ஜனவரி வேட்டைக்கு அவன் எப்போதும் சோளக்காட்டு ஓரம் விழுந்துகிடக்கும் ஓக் மரத்தில்தான் உட்காருவான். முந்தின நாளே அடி வைத்து அளந்தேன்: தொண்ணூறு கஜம். தலையில் நெருப்பு நிறத் தொப்பி, சுற்றிலும் வெள்ளைப் பனி. சாட்சியும் அவனே, அட்டையும் அவனே. மான் எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை ஷெரீஃப். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

பேனாவை ஏன் வைத்துவிட்டீர்கள்?

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். தொப்பியைத் தட்டிவிடத்தான் குறிவைத்தேன். நன்றாகத் துடைத்த குழலில் முதல் குண்டு சற்றுக் கீழே இறங்கும். அதற்காக வெறும் மருந்தை ஒருமுறை வெடித்துவிட்டுத்தான் குண்டு போடுவது வழக்கம். சத்தம் கேட்டு ஃப்ளாய்ட் எழுந்துவிடுவான் என்று அன்றைக்கு அதை விட்டுவிட்டேன். மூன்று விரற்கடை இறங்கிவிட்டது.

இதை எழுத வேண்டாம். நெற்றிக்குக் குறிவைத்தார், நெற்றியிலேயே பட்டது என்று எழுதுங்கள், இப்போதே கையெழுத்திடுகிறேன். என் தங்கை லோரேனும் க்ரம்லி வீட்டில் பிறந்தவள்தான். புருஷனைப் பறிகொடுத்தவள் நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா?