மாரிக்கு முன் சிவப்பு

(ஓய்வுபெற்ற மேட்ரன் புஷ்பவதி அவர்களுக்காகத் திருகோணமலை அன்புவழிபுரத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில், அவரோடு பணிபுரிந்த தாதி றம்லா ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் எங்கள் ஓய்வுபெற்ற தாதியர் ஒன்றியத்தின் தலைவி சிவாஜினி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் வைத்தியர்களே, மதகுருமாரே, முன்வரிசையில் தலை குனிந்து இருக்கும் மேட்ரனின் அண்ணன் வல்லிபுரம் ஐயா அவர்களே, கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் சல்லியிலிருந்தும் வந்து கதிரை கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் சொந்தங்களே, உங்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மேட்ரனைத் தெய்வம் என்றார்கள், மெழுகுதிரி என்றார்கள். ஒருவர் வெண்புறா என்றார். நான் அவருக்குக் கீழே என் உத்தியோகக் காலம் முழுவதும் வேலை செய்தவள். என்னை அத்தனை ஏச்சு ஏசியது வெண்புறா இல்லை. மேட்ரன் புஷ்பவதி பிடிவாதக்காரி. சரி என்று பட்டதைச் செய்துவிட்டுத்தான் மற்றவர்களின் கதையைக் கேட்பார். அப்படிப்பட்டவரை அழுதழுது ஒரு சாதுவாக ஆக்கி அனுப்பி வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலம் இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் ஆளும் வாகனமும் கடலைக் கடக்க வேண்டும். பொழுதுபட்டால் பாதை ஓடாது. அது மேலிடத்து உத்தரவு. ஒரு நாள் பொழுதுபட்ட பிறகு, இரத்தப்போக்கோடு ஒரு கர்ப்பிணித் தாயை நாங்கள் இருவரும் துறைக்குக் கொண்டுவந்தோம். பாதைக்காரர் கையை விரித்தார். புஷ்பவதி மிஸ் என்ன செய்தார்? கெஞ்சினாரா? கடிதம் எழுதினாரா? ஸ்ட்ரெச்சரைத் தூக்கிப் பாதையின் நடுவில் வைத்துவிட்டு, பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டார். "நான் இறங்கமாட்டன். விருப்பமெண்டா என்னையும் சேர்த்துத் தண்ணிக்குள்ள தள்ளுங்கோ" என்றார். பாதை ஓடியது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அந்தப் பிள்ளை இப்போது ஒரு தாய். கைக்குழந்தையோடு இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள்.

இதை ஏன் சொல்கிறேன்? ஓய்வுபெற்ற பிறகு மேட்ரனுக்குப் புத்தி பிசகிவிட்டது, பழைய கார் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று இந்த ஊரில் ஒரு கதை ஓடுகிறது. அவர் எதற்காக அந்தக் காரை வாங்கினார் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? நான் கேட்டேன். "இப்ப எல்லா இடமும் பாலம் போட்டாச்சு றம்லா. கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் எண்டு எங்கயும் இறங்காம, ஒருத்தனிட்டயும் கேக்காம, என்ர காரில நானே ஓட்டிக்கொண்டு போகோணும்" என்றார். அதற்குப் புதுக் கார் வாங்கலாமே என்றேன். "புதுக் கார் எல்லாரும் ஓடுவினம்" என்றார். கதை முடிந்தது.

அந்த ஒஸ்டின் கார் நிலாவெளியில் ஒரு வளவில் கிடந்தது. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு, காரை இங்கே மேட்ரன் வீட்டுத் தகரக் கொட்டிலுக்கு இழுத்து வந்தோம். உப்புக் காற்றுத் தின்று முடித்த உடம்பு. சுரண்டச் சுரண்ட, தகட்டைக் காணவில்லை, ஓட்டையை மறைக்கப் பூசும் பட்டிதான் வந்தது. பட்டிக்குக் கீழே சாக்கு, சாக்குக்குக் கீழே சீமெந்து. ஆம், சீமெந்து. யாரோ ஒரு புண்ணியவான் காருக்குக் கொத்து வேலை செய்திருக்கிறார்.

தகடு ஒட்டும் வெல்டிங் வேலைக்கு மூதூரிலிருந்து றிகாஸ் தம்பியைக் கூப்பிட்டோம். நல்ல பிள்ளை, வேலை தெரிந்த பிள்ளை. துருப்பிடித்த கறளுக்கு மேலே பட்டியைப் போட்டுத் தேய்த்துவிடலாம், வெளியே தெரியாது என்றான்.

"எனக்குத் தெரியுமே தம்பி" என்றார் மேட்ரன்.

"இல்ல மேட்ரன், எல்லாரும் அப்பிடித்தான் செய்யிற."

"சீழை உள்ளுக்க வைச்சுப் புண்ணைத் தைக்கிறவளை நான் வாட்டில வைச்சிருந்ததில்லை. வெட்டு."

வெட்டினான். நல்ல தகடு தெரியும்வரை வெட்டினான். கதவுகளுக்குக் கீழே, சில்லுகளுக்கு மேலே, தரை முழுவதும். ஒரு கட்டத்தில் காரை விட ஓட்டைகள்தான் கூட இருந்தன. அயலவர் எட்டிப் பார்த்துவிட்டு, இதை இனிக் கடவுள்தான் பொருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேட்ரன் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு மறுபடியும் முகமூடியைப் போட்டுக்கொண்டார். புதுத் தகடு வெட்டி, வளைத்து, ஒட்டி, அரத்தால் சீவி, தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். விரல் நுனியில் தோல் போய்விட்டது. வங்கியில் விரலடையாளம் விழாமல் நான் நின்றது இங்கே சிலருக்குத் தெரியும்.

பிழை விடவில்லையா? விட்டோம். எதை மறைக்க வேண்டும்? ஆனி மாதம், கச்சான் காற்று சுழற்றி அடிக்கும் நாளில், ஒரு கதவுக்கு மட்டும் பெயின்ட் அடித்துப் பார்த்தோம். அன்புவழிபுரத்துப் புழுதி முழுவதும் வந்து ஒட்டிக்கொண்டது. காய்ந்த பிறகு தொட்டால் பாகற்காயைத் தொட்டது போல் இருந்தது. மதிலால் எட்டிப் பார்த்துச் சிரித்தவர்களில் மூன்று நான்கு பேர் இன்று இங்கே கண்ணைத் துடைக்கும் கைலேஞ்சியோடு இருக்கிறீர்கள். மேட்ரன் கதவைக் கழற்றித் தகடு தெரியும்வரை திரும்பத் தேய்த்தார். அதற்குப் பிறகுதான் வேலை பழகினோம்: பனி ஈரம் உலர்ந்து, காற்று எழும்புவதற்கு முன் காலையில் கொஞ்ச நேரம் கிடைக்கும். நிலத்தை நனைத்துப் புழுதியை அடக்கிவிட்டு அந்த நேரத்தில் அடிக்க வேண்டும்.

நிறமும் ஒரு சண்டைதான். சுரண்டும்போது அடியில் இளநீலம் தெரிந்தது. பழைய காருக்குப் பழைய நிறம்தான் மதிப்பு என்று படித்தவர்கள் சொன்னார்கள். வயதான பெண்ணுக்கு வெள்ளைதான் அடக்கம் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மேட்ரன் குசினிக்குள் போய் ஒரு செத்தல் மிளகாயைக் எடுத்துக்கொண்டுபோய்ப் பெயின்ட் கடைக்காரரின் மேசையில் வைத்தார். "இதுதான் நிறம்" என்றார். அவரும் கலந்து கொடுத்தார்.

அவருடைய கடைசி நாளைப் பற்றி எல்லோரும் என்னிடம் கேட்கிறீர்கள். அன்று கார் முழுவதும் சாம்பல் நிறப் பிரைமரோடு நின்றது. கடைசித் தேய்ப்பு முடித்துவிட்டுக் குசினிக் கதிரையில் வந்திருந்தார். கடைசி வார்த்தை என்ன என்று கேட்கிறீர்கள். "தேத்தண்ணி ஆறிப்போச்சு" என்றார். அவ்வளவுதான். சாய்ந்தார். அவர் ஆண்ட ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். திரும்பி வரவில்லை.

அந்தக் கார்தான் அவரைக் கொன்றது என்கிறார்கள். பெயின்ட் மணம் நெஞ்சை அடைத்தது என்கிறார்கள். சனியன் பிடித்த கார் என்கிறார்கள். இந்த மேடையில் வைத்தியர்கள் இருக்கிறார்கள், கேளுங்கள். மேட்ரனுக்கு இதய வருத்தம் உத்தியோகக் காலத்திலேயே இருந்தது. அந்த இதயத்தோடுதான் வாட்டில் ஓடினார். அந்த இதயத்தோடுதான் பாதையில் சப்பாணி கட்டினார். அப்போது ஆஸ்பத்திரிதான் அவரைக் கொல்கிறது என்று யாராவது சொன்னீர்களா? ஒரு பெண் பிறருக்காக உடம்பை முறித்தால் தியாகம், தனக்காக முறித்தால் பைத்தியமா?

வல்லிபுரம் ஐயா, இனி உங்களோடுதான் பேசப் போகிறேன். கோபிக்காதீர்கள். கோபித்தாலும் பேசுவேன்.

சாம்பல் அள்ளிய மறுநாள் நீங்கள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள்: "இது சாவுத் துடக்குள்ள வீடு. முப்பத்தோராம் நாள் வரைக்கும் மெஷின் ஓடக்கூடாது. அதுக்குப் பிறகு காரைப் பழைய இரும்புக்கு ஏத்தி விடுறன்." ஏன் ஐயா என்று கேட்டேன். "அதைப் பாக்க எனக்கு ஏலாது றம்லா" என்றீர்கள். தங்கையைப் பறிகொடுத்த அண்ணனின் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தைக்கு நான் மரியாதை செய்கிறேன். எங்கள் வீடுகளிலும் நாற்பதாம் நாள் ஓதுகிறோம். துக்கத்துக்கு ஒரு நாள் கணக்கு வேண்டும் என்பது எனக்கும் விளங்கும்.

ஆனால் வானம் அந்தக் கணக்கைப் பார்க்குமா? ஐப்பசி பிறந்துவிட்டது. துறைமுகத்துப் பக்கம் வானம் கறுத்து நிற்கிறது. இந்தக் கிழமையோ அடுத்த கிழமையோ மாரி மழை தொடங்கிவிடும். பிரைமர் என்பது நிறம் பிடிப்பதற்காகப் பூசும் அடிப்பூச்சு மட்டும்தான். அது ஈரத்தை உறிஞ்சும். இரண்டு பக்கமும் திறந்த அந்தத் தகரக் கொட்டிலில், கடல் காற்றில், பிரைமரோடு ஒரு மாதம் நின்றால் அடியில் கறள் ஊர்ந்துவிடும். பிறகு நீங்கள் இரும்புக்கு விற்கத் தேவையில்லை, அதுவாகவே இரும்பாகிவிடும். மேட்ரன் வெட்டி எடுத்த அத்தனை சீழும் திரும்ப வரும். அதை நான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா? அவருடைய ஆன்மா சாந்தியடைய வேண்டும் என்று இங்கே எல்லோரும் சொன்னீர்கள். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்: வேலை குறையாகக் கிடக்கும்போது அவர் ஒரு நாளும் சாந்தியாக இருந்ததில்லை.

ஆகவே நான் உங்களிடம் அனுமதி கேட்க இங்கே வரவில்லை, ஐயா. முன்வரிசையில் இருப்பவர்களுக்கு என் சேலையிலிருந்து பெயின்ட் தின்னர் மணம் வந்திருக்கும். மூக்கைப் பொத்தியதை நான் பார்த்தேன். நீங்கள் இன்று காலையில் மண்டப ஒழுங்கு பார்க்க இங்கே வந்திருந்த நேரம், நான் கொட்டிலில் நின்றேன். அயலவர்கள் கேட்ட, பெயின்ட் விசிறும் அந்தக் கொம்பிரசர் சத்தம் நான்தான். துடக்கு வீட்டில், செத்தல் மிளகாய்ச் சிவப்பில், முதல் பூச்சு அடித்து முடித்துவிட்டேன். உங்கள் மகள் பிரசாந்தியை ஏசாதீர்கள். மாமியான மேட்ரனோடு அந்த வீட்டில் வாழ்ந்தவள் அவள். படலையைத் திறந்ததும் நிலத்தை நனைத்ததும் அவள்தான், செய்யச் சொன்னது நான். ஏச்சு வாங்கிப் பழகியவள் நான். எனக்கே தாருங்கள்.

நிமிர்ந்து பார்க்கிறீர்கள். நல்லது. வந்தது முதல் உங்கள் முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

இந்தச் சபையின் முன்னால் சொல்கிறேன். மேட்ரன் புஷ்பவதியின் காரை யாரும் இரும்புக்கு ஏற்ற முடியாது. அதற்கு நிறம் முடிப்பேன், கண்ணாடி பூட்டுவேன், சீட்டுத் தைப்பேன். மாரி விட்டதும் அந்தக் காரை வெருகல் வரைக்கும் நான் ஓட்டுவேன். எங்கேயும் இறங்க மாட்டேன், ஒருவரிடமும் கேட்க மாட்டேன். முன்சீட்டில் நீங்கள் இருக்க வேண்டும் ஐயா. பார்க்க ஏலாது என்றால் கண்ணை மூடிக்கொண்டாவது வாருங்கள்.

நாளைக் காலையில் மழை இல்லாவிட்டால் இரண்டாம் பூச்சு. படலை திறந்திருந்தால் படலையால் வருவேன். பூட்டியிருந்தால் மதிலால் ஏறி வருவேன். இந்த முழங்காலோடு நான் விழுந்தால் அந்தப் பழி உங்களுக்குத்தான்.

உதவிக்கு வர விரும்புகிறவர்கள் வாருங்கள். ஆனால் அழுகிறவர்கள் யாரும் கொட்டிலுக்குள் வரக்கூடாது. இன்று காலை அடித்து முடித்து, முகமூடியையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு காரின் முன்மூடியான பொனற்றின் மேல் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு விழுந்துவிட்டது. ஈரப் பெயின்டில் வட்டமாக ஒரு தழும்பு. என் கண்ணிலிருந்து விழுந்ததுதான். அது காய்ந்ததும் தேய்த்து எடுத்து, அந்த இடத்துக்குத் திரும்ப அடிக்க வேண்டும். இன்னொரு தரம் அப்படித் தேய்க்க என் விரல்களில் தோல் இல்லை.

அதனால், என் அன்புக்குரியவர்களே, அழுவதற்கு இருப்பதை இங்கேயே, இப்போதே அழுது முடித்துவிடுங்கள். நானும் முடித்துவிடுகிறேன். நாளைக்கு வேலை இருக்கிறது.