பதினோரு தாள்கள்

கதையின் முடிவை முதலில் புரட்டிப் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. புத்தகம் கட்டுவது என் தொழில். கிழிந்தது, முதுகு விட்டது, தண்ணீரில் ஊறியது என்று ஆயிரக்கணக்கில் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. கடைசித் தாளை ஒட்டுவதற்காகத் தொட்டிருக்கிறேனே தவிர, படிப்பதற்காகத் தொட்டதில்லை. ஒரு தடவை தொட்டேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் பட்டறைக்கு ஒரு வாடகை நூலகத்திலிருந்து பழுதான புத்தகங்கள் வரும். அந்த வருஷம் ஜப்பான் படக்கதை ஒன்று வந்தது. மாங்கா என்கிறார்களே, வலமிருந்து இடமாகப் படிப்பது, அது. பத்தொன்பது பாகம். வாரத்துக்கு மூன்று நான்காக அனுப்பினார்கள். முதல் பாகத்தை முதுகு ஒட்டிக் காயவைத்தபோது, சும்மா அண்ணனுக்குக் காட்டலாம் என்று வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. குடிக்கமாட்டான். ஆனாலும் ஏதோ ஒரு கிருமி பல வருஷமாகச் சத்தமில்லாமல் கல்லீரலைத் தின்று முடித்திருந்தது. வேலையை விட்டு, வயிறு உப்பி, கண் மஞ்சளாகி, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். வேறு ஒருவரின் கல்லீரலில் பாதியை எடுத்து வைத்தால் பிழைப்பான், மூன்று மாதத்துக்குள் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணிக்கு ரத்த வகை பொருந்தவில்லை. எனக்குப் பொருந்தியது.

கதை எளிமையானது. வற்றிப்போன ஒரு அணையின் சுரங்கப் பாதைகளுக்குள் முப்பத்திரண்டு பேரை அடைத்துவிடுகிறார்கள். யாரும் யாருக்கும் முன்பின் தெரியாதவர்கள். ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஒரு முழம் ஏறும். ஒரே ஒரு ஆள் மிஞ்சும்போதுதான் கதவு திறக்கும். மற்றவர்களை என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. அவர்களாகவே கற்றுக்கொள்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் ஒரு ஆசிரியை தன் கைப்பை வாரால் ஒருவனின் கழுத்தை நெரிக்கிறாள். நான்காம் பாகத்துக்குள் நாங்கள் அதற்கெல்லாம் பழகிவிட்டோம்.

அண்ணன் பக்கம் புரட்டுவான். ஆண் குரல் எல்லாம் அவன், பெண் குரல் எல்லாம் நான். ஒரு தாளில் முப்பத்திரண்டு பெயரையும் எழுதிவைத்து, செத்தவர்கள் பெயருக்குக் குறுக்கே பென்சிலால் கோடு போடுவோம். தொழில் புத்தி அவனை விடாது.

"டேய், இந்தக் கதவுக்கு இப்படி ஒரு பூட்டுப் போடவே முடியாது. தண்ணி ஏறினா மோட்டார் புகைஞ்சிடும். வரைஞ்சவன் ஒரு தடவை லிஃப்ட் குழிக்குள்ள இறங்கிப் பார்த்திருக்கணும்."

"பூட்டு சரியில்லன்னு கம்ப்ளைன்ட் எழுதிப் போடு. முப்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போடுவாங்க."

"போட எங்கடா, பாதிப் பேருக்குக் கையே இல்லையே."

மருந்து கொண்டுவந்த அண்ணி தலையில் அடித்துக்கொள்வார். "மாங்கா படிக்கிற மாங்கா மடையனுங்க ரெண்டு பேரு. ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல, இன்னொருத்தருக்கு என்ன கேடு?"

சின்ன வயதிலிருந்தே எங்களுக்கு எதற்கெடுத்தாலும் பந்தயம். யார் முதலில் குளிப்பது, யார் கடைக்குப் போவது, எல்லாமே பந்தயம்தான். தோற்றவன் மூச்சுக் காட்டக் கூடாது. எங்கள் வீட்டில் அது சட்டம் மாதிரி. கதையிலும் ஆளுக்கொருவரைத் தேர்ந்தெடுத்தோம். அவனுடைய ஆள் ஒரு உயரமான பெண். யாரையும் தானாகப் போய்த் தாக்கமாட்டாள், ஒற்றைக்காலில் நிற்பதுபோலப் பொறுத்திருப்பாள். கொக்கு என்று பெயர் வைத்தான். என்னுடையவன் ஒரு தையல்காரன். ஒரு கத்தரிக்கோலும் நூலும் வைத்துக்கொண்டே ஒன்பது பேரை முடித்தவன்.

பதினெட்டாம் பாகம் முடிந்தபோது உயிரோடு இருந்தது அந்த இரண்டு பேர்தான்.

அதற்குள் மூன்று மாதத்தில் பாதி போயிருந்தது. அண்ணன் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தான். சாவதற்கு அவன் பயப்படவில்லை. என் வயிற்றைக் கிழிப்பதைத்தான் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கும் பயம் இருந்தது. ஆபரேஷன் பற்றிய தாள்களில் ஒரு வரி இருந்தது: கொடுப்பவர் இறக்கவும் வாய்ப்புண்டு, மிக அரிதாக. எல்லாரும் 'மிக அரிதாக' என்பதைப் படித்தார்கள். நான் அதற்கு முன்னால் இருந்ததைப் படித்தேன். ஆனால் முதல் நாளே, ஆஸ்பத்திரி வராந்தாவில், யாரும் கேட்பதற்கு முன்பே "நான் தர்றேன்" என்று சொல்லிவிட்டவன் நான். அண்ணியின் தம்பி ஒருவன் இருக்கிறான், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அவனும் வந்து, "என் ரத்தமும் சேருது, என்னையும் எழுதிக்கங்க" என்றான். "நான் இருக்கும்போது நீ எதுக்கு மச்சான்?" என்று அவன் தோளைத் தட்டி அனுப்பினேன். அன்றைக்கு அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதன்பிறகு, மாட்டேன் என்று சொல்ல எனக்கு வழியிருக்கவில்லை.

பதினெட்டாம் பாகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் சொன்னான்:

"ஒரு பந்தயம்டா. கொக்கு பொழைச்சா, நான் போய் மேசையில படுத்துக்கறேன். உன் தையக்காரன் பொழைச்சா, இத்தோட விட்டுடணும். நீயும் கேக்கக்கூடாது, உங்க அண்ணியும் கேக்கக்கூடாது."

"இதெல்லாம் பந்தயம் கட்டுற விஷயமா அண்ணா?"

"பின்ன எதுக்குடா கட்டுறது? கடைக்கு யார் போறதுங்கறதுக்கா? எனக்கு யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. அந்தப் பொம்பளையே முடிவு பண்ணட்டும்."

கையை நீட்டினான். நான் தட்டினேன்.

பத்தொன்பதாம் பாகம் அடுத்த புதன்கிழமை பட்டறைக்கு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். நான் டப்பாவைத் திறக்காமல் புத்தகத்தைத் திறந்தேன்.

முக்கால் பாகத்துக்கு மேல் தையல்காரன் கொக்கைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்திருக்கிறான். ஒரு முழுப் பக்கத்தில் குமிழிகள். அடுத்த பக்கத்தில் குமிழி இல்லை. அவன் தனியாக, இடுப்பளவுத் தண்ணீரில், கதவைப் பார்த்து நிற்கிறான். அதற்கப்புறம் பதினோரு தாள், இருபத்திரண்டு பக்கம். கதவு திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று அவனுக்குப் புரிகிறது. திரும்பிப் பார்க்கிறான். அவள் சுவரோரமாக எழுந்து, இருமிக்கொண்டு, நிற்கக்கூட முடியாமல் நிற்கிறாள். ஒன்பது பேரைக் கொன்றவனுக்கு அது ஒரு நிமிட வேலை. அவன் கத்தரிக்கோலைத் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறான். தண்ணீர் அவன் தலைக்கு மேல் ஏறும்வரை உட்கார்ந்தே இருக்கிறான். கதவு திறக்கிறது. அவள் வெளியே போகிறாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பத்தொன்பது பாகம் நான் கூடவே வந்த ஆள். அவனை யார் உட்காரச் சொன்னது?

பிறகு செய்தது வெறும் வேலை. பிசின் வைத்து ஒட்டிய முதுகைச் சூட்டில் இளக்கினால் அட்டை தனியாக வந்துவிடும். பதினோரு தாளையும் ஒவ்வொன்றாக, சேதமில்லாமல் எடுத்தேன். 'முற்றும்' என்று மட்டும் அச்சிட்ட கறுப்புத் தாளை விட்டுவைத்தேன். தனியாக நிற்கும் தையல்காரனுக்கு எதிரே அது கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. எடுத்த தாளின் கனத்துக்கு முதுகு தொளதொளக்குமே என்று அட்டைக்குள் கெட்டிக் காகிதம் ஒன்று கொடுத்தேன். மூன்று பக்கமும் ஒரு மயிரிழை சீவினேன். அழுத்துப்பொறியில் வைத்துத் திருகினேன். நான் கட்டிய புத்தகங்களிலேயே சுத்தமாக அமைந்தது அதுதான். இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் உண்மை.

சனிக்கிழமை மத்தியானம் சேர்ந்து படித்தோம். கொக்கின் வசனத்தை நான்தான் படித்தேன். குமிழிகள் நின்ற பக்கத்தில் அண்ணன் வெகுநேரம் நின்றான். பிறகு புரட்டினான். பிறகு கறுப்புத் தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இப்படிச் சாகறவ இல்லடா அவ." புத்தகத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "சரி. நீ ஜெயிச்சிட்ட. கை குடு."

கொடுத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது நடிப்பில்லை. அவன் என் பின்னந்தலையைப் பிடித்து ஆட்டினான்.

"எதுக்குடா அழற? உன் வயிறு தப்பிச்சுது. சந்தோஷப்படு, மடையா."

அண்ணி விஷயம் தெரிந்து பதறிப்போனார். "பொம்மைப் புத்தகத்தைப் பார்த்தா உசுரை முடிவு பண்ணுவீங்க? தம்பி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"அண்ணன் முடிவு பண்ணிட்டான் அண்ணி," என்றேன். "நான் என்ன சொல்ல முடியும்? நான் இப்பவும் ரெடியாத்தான் இருக்கேன்."

ஆறு வாரம் அண்ணி கெஞ்சினார், சண்டை போட்டார், பேசாமல் இருந்தார். கடைசியில் அண்ணன் இறங்கிவந்தான். ஆனால் பந்தயத்தில் தோற்றவன் என் பக்கம் வரமாட்டான். "தம்பி வேண்டாம். அவன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். உன் தம்பியைக் கூப்பிடு, அவன்கூட நான் பந்தயம் கட்டல," என்றான். கார் ஓட்டுபவன் அன்றைக்கே ஓடிவந்தான். எல்லாச் சோதனையும் பொருந்தியது. முடிவு வந்த அன்று அண்ணனுக்குக் காய்ச்சல். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, இனி மேசையில் ஏற்ற முடியாது, ஒரு மாதம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். பதினோராம் நாள் அண்ணன் போய்விட்டான்.

புத்தகத்தைப் பழையபடி கட்டி நூலகத்துக்குத் திருப்பியனுப்பிவிட்டேன். தாள் ஒன்றுகூடக் குறையாமல்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எதுவும் பொய் இல்லை. பயந்துபோன ஒருவன் செய்த காரியம் என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். நானும் இரண்டு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு இடத்தில் அவசரமாகக் கடந்துவிட்டேன். மாட்டேன் என்று சொல்ல வழியிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். வழி இருந்தது.

உறுப்புக் கொடுப்பவரை ஆஸ்பத்திரியில் ஒரு தடவை தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள். என்னிடம் இரண்டு தடவை பேசினார்கள். சின்ன அறை, இரண்டு நாற்காலி. அதற்கென்றே இருந்த ஓர் அம்மாள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"இங்க பேசறது இந்த ரூமைத் தாண்டாது. உங்களுக்கு இஷ்டமில்லன்னா 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை போதும். உடம்பு ஒத்துவரலன்னு மட்டும்தான் நாங்க வெளியில சொல்லுவோம். உங்க அண்ணனுக்குக்கூடக் காரணம் தெரியாது."

"அப்ப அவனுக்கு யாரு?"

"இன்னொருத்தர் பேர் குடுத்திருக்காரே. நீங்க முன்னால இருக்கறதால அவருக்கு டெஸ்ட் ஆரம்பிக்கல. நீங்க விலகினா நாளைக்கே ஆரம்பிச்சிடுவோம்."

நான் எழுந்து, "எனக்கு முழுச் சம்மதம்," என்றேன். இரண்டாம் தடவையும் அதையே சொன்னேன். அந்த இரண்டாவது பேச்சு நடந்தது, நான் தாள்களை எடுத்ததற்கு முந்தின நாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வயிறும் தப்பியிருக்கும், அவனும் பிழைத்திருப்பான். ஆனால் ஆபரேஷன் முடிந்து எல்லாரும் அந்தக் கார் ஓட்டுபவனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தபடி கண் விழித்திருப்பான். உடம்பு ஒத்துவராத தம்பியாக நான் வராந்தாவில் நின்றிருப்பேன். எனக்கு அது வேண்டாமாயிருந்தது. கொடுக்கவும் கூடாது, கொடுக்கத் துணிந்தவன் என்ற இடத்தை இன்னொருவனுக்கு விடவும் கூடாது. அதற்கு அண்ணன் தானாக மறுக்க வேண்டியிருந்தது. என் அண்ணனை நான் கொன்றேன். நிதானமாக, நல்ல வெளிச்சத்தில், கை நடுங்காமல் செய்தேன்.

அந்த இடம் இப்போதும் எனக்குத்தான் இருக்கிறது. புதிதாக யாரைச் சந்தித்தாலும் அண்ணி என்னைக் காட்டிச் சொல்கிறார்: "இவர்தான், தன் உடம்பை அறுத்துக் குடுக்கறேன்னு கடைசி வரைக்கும் நின்னவரு." நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த வாரம் அந்த ஆஸ்பத்திரியில், உறுப்புக் கொடுக்கத் தயங்கும் குடும்பங்களுக்காக ஒரு கூட்டம். தைரியம் சொல்ல யாராவது வேண்டும் என்றார்களாம். அண்ணி என்னைச் சொல்லியிருக்கிறார். அண்ணன் போன பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி இதுதான். அவருடைய மனசு நோகக் கூடாது என்பதற்காக மட்டும்தான் பேச ஒத்துக்கொண்டேன்.