மூன்றாம் சிலிண்டருக்கு ஒரு கரண்டி எண்ணெய்

விலை குறைந்த கேஜை வைத்துக்கொண்டும் எஞ்சின் கம்ப்ரஷனைச் சரியாக எடுக்கலாம். பலர் இதை நம்புவதில்லை. பொலிஸ் நிலைய ஓஐசி ஐயா, நீங்களும் நேற்று என் கேஜை மேசை மேல் உருட்டிப் பார்த்துச் சிரித்தீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நடந்ததைத் தமிழில் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். சிங்களத்துக்கு மாற்றுகிறவர் சிரமப்படக் கூடாது என்று நிதானமாகவே எழுதுகிறேன். ஜெயகாந்தனின் பள்ளிக்கூட வேன் ஏன் பள்ளத்தில் கிடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் இந்தக் கேஜைப் பற்றித் தெரிய வேண்டும்.

என் பெயர் ஆண்டியப்பன். நோர்வூட்டில் இருபத்திரண்டு வருடமாக கராஜ் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் பலம், வண்டி ஸ்டார்ட் ஆவதற்கு மட்டுமல்ல. தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கிலிருந்து டவுனுக்கு வரும் இறக்கத்தை நீங்கள் ஜீப்பில் பார்த்திருப்பீர்கள். அதில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும். இரண்டாம் கியரில் போட்டு, காலை எடுத்துவிட்டு, எஞ்சின் பிடியிலேயே இறங்க வேண்டும். அப்படி இறங்குகிறவனைத்தான் இங்கே டிரைவர் என்பார்கள். சிலிண்டரில் அமுக்கம் இல்லாத எஞ்சினுக்கு அந்தப் பிடி இருக்காது. டீசல் வேனில் முந்நூறு பவுண்டுக்குக் கீழே போன சிலிண்டரோடு பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்பது என் கணக்கு.

ஹட்டனில் சிலர் வெளிநாட்டு கேஜ் வைத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்தாலே பூஜை அறையைத் திறந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். ஆனால் குளிர்ந்த எஞ்சினில், இறங்கிய பெட்டரியில், ஒரே ஒரு தடவை சுற்றிப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. எஞ்சினை ஓட விட்டுச் சூடாக்குவேன். பெட்டரி முழுச் சார்ஜில் இருக்கும். டீசல் வருவதை நிறுத்தி, நான்கு சிலிண்டரின் ஹீட்டர் பிளக்கையும் கழற்றிவிடுவேன். கேஜின் ரப்பர் வாஷரை ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்ப்பேன், மலிவான கேஜில் முதலில் கசிவது அதுதான். ஒவ்வொரு சிலிண்டரையும் ஒரே அளவு நேரம் சுற்றி, மூன்று தடவை எடுப்பேன். டயர் கடை ஸுஹைர் நானாவின் காற்று மெஷினில் மாட்டிப் பார்த்ததில் என் கேஜ் எட்டு கூட்டிக் காட்டியது. அன்றிலிருந்து எட்டைக் கழித்துத்தான் எழுதுகிறேன். இவ்வளவு மெனக்கெட்டால் மலிவான கேஜும் உண்மையைத்தான் சொல்லும்.

எடுத்த எண்ணை என் கராஜின் தகரக் கதவில் சோக்கால் எழுதிவிடுவேன். வண்டியின் பெயர், கீழே நான்கு எண். யாரும் கேட்டுச் செய்ததல்ல. பழகிவிட்டது. தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் ஆட்கள் பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி வந்து பார்ப்பார்கள். எந்த வேனில் பிள்ளையை அனுப்புவது என்று கதவைப் பார்த்தே முடிவு செய்வார்கள். ஒரு படிக்காத மனிதனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

மாசி மாதம் ஜெயகாந்தனின் வேனைப் பார்த்தேன். மூன்றாம் சிலிண்டர் இருநூற்று எழுபது. இருந்ததை எழுதினேன். அடுத்த வாரமே ஏழு பிள்ளைகள் வேறு வேனுக்கு மாறிவிட்டார்கள். அவன் நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்றை என் கதவில் மாட்டி, கீழே "ஆண்டியப்பன் அண்ணனின் புதுக் கேஜ்" என்று எழுதி வைத்துவிட்டான். நோர்வூட் முழுக்கச் சிரித்தது. ஸுஹைர் நானா கூட, "ஆண்டியப்பன், இப்ப டைம் என்ன?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கோபம் என்பார்கள். ஒரு மாதம் வரைக்கும் என்னைக் கண்டவன் எல்லாம் மணி கேட்டான்.

ஒன்று கவனித்தேன். வாயால் சிரித்தவன் காலால் என்னை நம்பினான். அந்த மாதம் முழுவதும் ஜெயகாந்தன் நாலைந்து பிள்ளைகளுக்கு மேல் ஏற்றவில்லை. முதலாம் கியரிலேயே, எறும்பு மாதிரி இறங்கினான். வளைவுக்கு வளைவு நிறுத்திப் பிரேக்கை ஆற விட்டான்.

சித்திரை பிறந்து அவனே வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணே, கோவத்த மனசுல வச்சிக்காதீங்க. ஏதோ வெளாட்டுக்கு செஞ்சிட்டேன். காலையில வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. ஒருக்கா பாத்து உள்ளத சொல்லுங்க. மோசம்னா இந்த லீவுலயே எஞ்சின எறக்கி செஞ்சிர்றேன். பிள்ளைங்க போற வண்டி."

"என் கேஜ் வெளாட்டுச் சாமான்னு சொன்னியேப்பா?" என்றேன்.

"ஒங்க கேஜ விட்டா எனக்கு வேற ஆரு இருக்கா?" என்றான்.

மனதுக்கு இதமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவனைத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினேன். எல்லாம் முறைப்படிதான். மூன்றாம் சிலிண்டர் இருநூற்று முப்பத்தைந்துக்கு இறங்கியிருந்தது. மற்ற மூன்றும் முந்நூறைத் தாண்டவே மூச்சு வாங்கின.

எண் குறைவாக வந்தால் அடுத்த சோதனை ஒன்று இருக்கிறது. சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. எண்ணெய் தேய்ந்த ரிங்கைச் சுற்றிக் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்வதால் அப்படிக் காட்டும். இது முறையான சோதனை, எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான். நான்கிலும் விட்டேன். மூன்றாவது முந்நூற்றுத் தொண்ணூறுக்கு ஏறியது. மற்றவை நானூறைத் தொட்டன. எட்டைக் கழித்தேன். கதவில் எழுதினேன்.

எண்ணெய் விட்ட பிறகு எடுத்த எண் என்று மட்டும் எழுதவில்லை. கதவில் அவ்வளவு இடம் இல்லை.

ஜெயகாந்தன் வந்து பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. வண்டி புகைத்ததைக் கேட்டான். பழைய கரி எரிகிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றேன். காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கு ஹீட்டர் பிளக்தான் காரணம் என்று புதிதாக நான்கு போட்டுக் கொடுத்தேன். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை என்பதையும் நானே சொன்னேன். அவனைப் பழிவாங்க நினைத்தேன் என்று நீங்கள் எழுதப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது பெரிய வார்த்தை ஐயா. என்றாவது ஒரு நாள் எஞ்சின் நடுவழியில் நின்றுபோய், டவுன் முழுக்கப் பார்க்க, அவன் என் கராஜுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும் என்று மட்டும் விரும்பினேன். மணி கேட்டவர்கள் எல்லாம் அன்றைக்கு வாசலில் நிற்க வேண்டும். இது மனித இயல்புதானே?

கதவைப் பார்த்து, மாறிப்போன ஏழு பிள்ளைகளும் அவன் வேனுக்குத் திரும்பி வந்தார்கள். லீவு முடிந்த திங்கட்கிழமையிலிருந்து பத்துப் பிள்ளைகளோடு, பழையபடி இரண்டாம் கியரில், பாட்டுப் போட்டுக்கொண்டு இறங்கினான். பத்தாவது நாள் மழை. தொழிற்சாலைக்குக் கீழே உள்ள வளைவில் எஞ்சின் பிடிக்கவில்லை. அவன் பிரேக்கை மிதிக்கத் தொடங்கியபோது வேகம் கூடிவிட்டது என்று பின்னால் வந்த ஆட்டோக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஜெயகாந்தனும் இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். அதில் ஒருத்தி எங்கள் பக்கத்து வீட்டு நிலக்ஷி, ஒன்பது வயது. ஜன்னல் ஓரத்து இடம் காலியாக இருந்ததால் அந்த வாரம்தான் அங்கே மாறி உட்கார்ந்தாளாம்.

அந்த இடம் என் மகள் சுலக்ஷனாவுடையது. இரண்டு வருடமாக அவள் அந்த வேனில்தான் போனாள், மோசமான எண் கதவில் இருந்த மாதத்திலும் கூட. ஜெயகாந்தன் மெதுவாக ஓட்டுகிறான் என்பதால் நான் மாற்றவில்லை. நல்ல எண் எழுதிய பிறகுதான் அவளை பஸ்ஸில் அனுப்பத் தொடங்கினேன். அக்கம் பக்கத்தில் கேட்டார்கள். பிள்ளைக்கு வேனில் வாந்தி வருகிறது என்றேன்.

சாவு வீட்டிலிருந்து திரும்பிய என் மனைவி நாகலெட்சுமி, முகம் கூடக் கழுவாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கதானே வண்டி நல்லாருக்குன்னு கதவுல எழுதுனீங்க? அப்ப நம்ம பிள்ளைய மட்டும் ஏங்க பஸ்ல அனுப்புனீங்க?"

நான் சொன்ன பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள். அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. எண்ணெய் விட்டது நான், எழுதியது நான், அந்த வண்டி இறக்கத்தில் நிற்காது என்று தெரிந்தவனும் நான் ஒருவன்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் ஒன்றை அப்படியே சிங்களத்தில் எழுதச் சொல்லுங்கள். அவளுக்குச் சொன்ன பதில் அதுதான். தன் பிள்ளையைக் காப்பாற்றுவது ஒரு தகப்பனின் கடமை. மற்றப் பத்துப் பிள்ளைகளின் தகப்பன்மாரில் ஒருவராவது என் முகத்தைப் பார்த்து, "அண்ணே, என் பிள்ளைய இந்த வேன்ல அனுப்பலாமா?" என்று கேட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.