லொரேனின் முன் பிரேக்

மோட்டார் சைக்கிள்கள் ஆண்டுச் சோதனையில் தோற்பது பெரும்பாலும் விளக்கால்தான், மேடம். ஜனங்கள் எஞ்சினைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று நாங்கள் பார்ப்பதே இல்லை. பின்விளக்கு எரியாது, ஹெட்லைட் வெளிச்சம் மரக்கிளையில் போய் விழும், ஹாரன் ஆடு தும்முகிற மாதிரி ஒரு சத்தம் போடும். அதற்கடுத்து பிரேக், அப்புறம் டயர், அப்புறம் ஹேண்டில்பார் கழுத்தில் இருக்கும் பேரிங். இருபத்திரண்டு வருஷமாக இந்த வரிசை மாறவில்லை.

என் பெயர், விலாசம் எல்லாம் உங்கள் போலீஸ் கோப்பில் இருக்கிறது. ஹாக்ஸ்கில்லில் ஆட்டுச்சந்தைக்குப் பின்னால் என் பட்டறை. யார்க்‌ஷயரின் அந்த மேட்டுப்பகுதியில் பைக்குகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்க அனுமதி உள்ளவன் நான் ஒருவன்தான். டெஸ் த்ரெல்ஃபால் கறாரான ஆள் என்று பெயர். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

எங்கள் வேலையில் ஒரு விதி இருக்கிறது. வண்டி எப்படி வந்து நிற்கிறதோ அப்படியே சோதிக்க வேண்டும். எதையும் கழற்றக் கூடாது. நேற்று எப்படி இருந்தது, நாளை எப்படி இருக்கும் என்பது என் பொறுப்பில்லை. சான்றிதழ் அந்த அரைமணி நேரத்துக்கு மட்டும்தான் சாட்சி. இதை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

நைஜல் ஹெப்வொர்த்தை உங்களுக்குத் தெரியும். லொரேனின் கணவன். அவன் கொட்டகைச் சுவரில் ஒரு முன்சக்கரம் தொங்கும், புத்தம்புது டயரோடு. நைஜலிடமும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரிடமும் ஒரே மாடல் வண்டி. யாருக்குச் சோதனை நாள் வருகிறதோ அவன் அந்தச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு வருவான். சான்றிதழ் கையில் வந்ததும் வீட்டுக்குப் போய் அதைக் கழற்றிவிட்டுத் தன் தேய்ந்த டயரைத் திரும்ப மாட்டுவான். புது டயரைச் சாலையில் தேய்க்க மனசு வராத கஞ்சர்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியும். விளிம்பில் காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நசுங்கல் இருந்தது.

"என்ன டெஸ், நம்ம சக்கரம் எப்படி இருக்கு?" என்பான் நைஜல்.

"போன மாசம் இன்னொருத்தன் வண்டியில பார்த்தேன். அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த மூன்று பேரில் ஒருவன் டேரன், என் தம்பி. தினம் காலை டீ என்னோடுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏப்ரலில் அந்தச் சக்கரத்தோடு வந்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு, என் பிஸ்கட் டப்பாவையும் காலி பண்ணிவிட்டுப் போனான். ஒன்பதாம் நாள் மழையில், மேட்டுச்சாலை வளைவில் சறுக்கிக் கற்சுவரில் மோதினான். வண்டியை நான்தான் போய் அடையாளம் காட்டினேன். முன் டயர் உள்ளங்கை மாதிரி வழுவழுப்பாக இருந்தது.

அவன் வண்டிக்குச் சான்றிதழ் கொடுத்தது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். என் முன்னால் நின்றபோது நல்ல சக்கரம் இருந்தது. விதிப்படி நடந்தேன். அந்தக் கேள்வியை நான் யோசித்து முடித்தாகிவிட்டது, மேடம்.

நைஜல் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான், குழந்தை மாதிரி அழுதான். லொரேன் அதற்கப்புறம் வியாழன் தவறாமல் மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மூடி, ஒரு தட்டு நிறையச் சுட்டுக்கொண்டு வருவாள். நான் தனி ஆள், சமைக்கத் தெரியாது. "தட்டைக் கழுவி வைக்கலைன்னா அடுத்த வாரம் கிடையாது, பார்த்துக்கோ" என்று மிரட்டிவிட்டுப் போவாள். இரண்டு வருஷம் ஒரு வியாழன் விடவில்லை.

டேரனைப் புதைத்து ஐந்து வாரம் கழித்து நைஜலுக்குச் சோதனை நாள் வந்தது. அதே சக்கரத்தை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். கூச்சப்படவில்லை. அவனுக்கு அது தோன்றவே இல்லை.

"டேரன் இருந்தா இந்நேரம் கூடவே வந்து வம்பளந்துட்டு நிப்பான் இல்ல?" என்றான்.

"ஆமா" என்றேன்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் சுற்றிவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பேரிங் கெட்டிருந்தால் கரகரக்கும். இது கரகரக்கவில்லை. முனகியது. டேரன் கையுறை மாட்டிக்கொள்ளும்போது மூக்கால் ஒரு முனகல் போடுவான், பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல். அதேதான். சக்கரம் நிற்கும்வரை கேட்டேன். திரும்பச் சுற்றிவிட்டேன். பயமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். நைஜல் வெளியே வெயிலில் நின்று சந்தைக்காரனோடு ஆட்டு விலை பேசிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் மற்ற இருவர் வண்டியிலும் அது வந்தது, மறு வருஷம் நைஜலோடு மறுபடி வந்தது. வராத நாட்களிலும் வேறு வண்டிகளின் சக்கரங்களில் கேட்க ஆரம்பித்தது.

நைஜலைக் கொல்ல நான் நினைத்ததே இல்லை. அதில் அர்த்தம் இல்லை. செத்தவனுக்கு எதுவும் தெரியாது. எனக்கு வேண்டியது, இன்னொருவனும் காலையில் எழுந்து இரண்டு கோப்பைகளை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டும் என்பதுதான். நான் கேட்பதை அவனும் கேட்க வேண்டும். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

லொரேனின் வண்டி வேறு. சின்ன ஜப்பான் வண்டி, இருபத்தாறு வயசு. பொத்தானைத் தொட்டால் கிளம்பும். அந்தச் சக்கரம் அவள் வண்டிக்குப் பொருந்தாது, பொருந்தியிருந்தாலும் மாட்டியிருக்க மாட்டாள். ஏமாற்றத் தெரியாது. ஆனால் நம்பகமான எஞ்சின்தான் ஆட்களைக் கவிழ்க்கிறது, மேடம். தினமும் கிளம்புகிற வண்டியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொண்டுவந்தாள். விளக்கெல்லாம் சரி. டயர் சரி. முன் பிரேக்குக்கு எண்ணெய் போகும் ரப்பர் குழாயைப் பிடித்துவைக்கும் கிளிப் எப்போதோ விழுந்திருந்தது. குழாய் மட்கார்டு விளிம்பில் உரசி உரசி உள்நூல் தெரிந்தது. பிரேக்கை அழுத்தினேன். அந்த இடத்தில் திராட்சை அளவுக்கு உப்பியது. விட்டேன், அடங்கியது. பத்து நிமிஷ வேலை, கிளிப்போடு ஒரு புதுக் குழாய். என் அலமாரியிலேயே இருந்தது.

தேய்மானம் சான்றிதழ் தேதிக்கு முந்தியது என்று உங்கள் நிபுணர் கண்டுபிடித்துவிட்டார். சரியான ஆள். அவர் சொன்னது உண்மை.

கம்ப்யூட்டரில் 'தேர்ச்சி' என்று போட்டேன். அறிவுரைப் பகுதியில், 'செயின் சற்றுத் தளர்வு, கவனிக்கவும்' என்று எழுதினேன். செயினும் உண்மையிலேயே தளர்வாகத்தான் இருந்தது. நான் பொய் எழுதுவதில்லை. குழாயைப் பற்றி எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதினாலும் யாரும் அந்தக் காகிதத்தைப் படிப்பதில்லை. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், நாலாக மடித்து சீட்டுக்கடியில் செருகிவிட்டு மறந்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் நைஜலும் ஆளுக்கொரு வண்டியில் கடலோர ஊரான விட்பிக்கு மீன் சாப்பிடக் கிளம்பினார்கள். கடலைப் பார்த்து இறங்கும் அந்தச் செங்குத்துச் சாலையில் முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது. நைஜல் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். எல்லாவற்றையும் பார்த்தான்.

அடக்கத்தன்று என்னிடம் வந்தான். ஷேவ் செய்யவில்லை, ஒரு ஷூவில் நாடா கட்டவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"நீ செயின்னு எழுதியிருந்த இல்ல, டெஸ். அன்னிக்குச் சாயங்காலமே ஸ்பேனரை எடுத்துட்டு உக்காந்துட்டா. நான்கூட, அப்புறம் பண்ணலாம் விடுடின்னேன். 'டெஸ் எழுதியிருக்கான், அவன் சும்மா எழுதமாட்டான்'னா. உன் எழுத்துன்னா அவளுக்கு வேதம். செயினை நல்லாத்தான் இறுக்கினா. அப்புறம் எப்படிடா?"

இப்போது அவனும் வீட்டில் எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருப்பான். எனக்கு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இப்போது இரண்டு குரல். இரண்டாவது மிரட்டுகிற குரல், ஆனால் சிரித்துக்கொண்டே மிரட்டுகிறது.

செவ்வாய்க்கிழமை அவளோடு என்ன பேசினேன் என்று கேட்டீர்கள். பேச்சு பெரிதாக ஒன்றுமில்லை. காகிதத்தை வாங்கி அங்கேயே நின்று கடைசி வரிவரை படித்தாள். அப்புறம் பிரேக் பிடியை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"டெஸ், இது கொஞ்ச நாளா மெத்துமெத்துன்னு இருக்குற மாதிரி இருக்கே. எனக்குத்தான் கையில பலம் போச்சா, இல்ல ஏதாச்சும் கோளாறா? ஞாயித்துக்கிழமை விட்பி இறக்கத்துல இறங்கணும். நீ சொன்னா நிம்மதியா போவேன்."

"இந்த மாடலே அப்படித்தான் லொரேன். பழகிடும். ஒண்ணும் ஆகாது, போயிட்டு வா."

"அப்பாடா" என்றாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். வார் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. நானே தாடைக்கடியில் இழுத்துச் சரியாக மாட்டிவிட்டேன், பார்த்துப் போ என்றும் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அக்கறை இல்லாதவன் அப்படிச் சொல்ல மாட்டான்.