கவுத்து வை

— அந்தத் திரையை இன்னும் கொஞ்சம் இழு. வெயில் கோடா உள்ள வருது.

— இழுத்தாச்சு. அண்ணி, இப்பவும் சொல்றேன், வேண்டாம். அண்ணன் கையால செஞ்ச பாலிமர் படலத்துல மிஞ்சினது இது ஒண்ணுதான். மின்சாரம் ஏத்தினா கெட்டுப்போகும்னு நீங்கதானே சொன்னீங்க?

— ஆமா. வெளிச்சம் கொடுக்கக் கொடுக்கத் தேயும்.

— அப்புறம் எதுக்கு? அவன் நம்மளை விட்டுப் போய் ஆறு மாசம்தான் ஆகுது.

— நாளைக்குள்ள பதில் எழுதலைன்னா ஆய்விதழ்ல இருந்து அவர் கட்டுரையை எடுத்துடுவாங்க. உங்க அண்ணன் செஞ்ச படலம் மட்டும்தான் காந்தத்துக்கு மயங்குதாம். வேற யார் செஞ்சாலும் அசையலையாம். பொய்னு சொல்லாமச் சொல்றாங்க.

— பொய் சொல்லத் தெரிஞ்சவனா இருந்தா வீட்ல அவ்வளவு திட்டு வாங்கியிருப்பானா?

— சிரிக்க வைக்காதே, கை ஆடுது. ம், போட்டாச்சு. பாரேன்.

— பச்சையா... தண்ணிக்கு அடியில இலை கிடக்கிற மாதிரி.

— உள்ள மின்துகள் எல்லாம் ரெண்டு ரெண்டா சந்திக்குது. ஒத்துப்போற ஜோடி ஒளியாகும். மத்தது இருட்டாவே இருந்துட்டுப் போயிடும்.

— நம்ம சித்தியும் சித்தப்பாவும் மாதிரி.

— சுத்தி இருக்கற அணு எல்லாம் ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஜோடியைக் குழப்பும். காந்தம் வந்தா அந்த இழுப்பு எடுபடாது. அதனால ஒத்துப்போற ஜோடி அதிகமாகி வெளிச்சம் கொஞ்சம் கூடும்.

— கொஞ்சம்னா?

— அவருக்கு நூத்துக்கு மூணு வந்தது. நீ மீட்டர்ல வர்ற எண்ணைப் படி.

— ஆயிரம். ஆயிரத்து ஒண்ணு. ஆயிரம்.

— காந்தத்தைப் போடறேன்.

— ஆயிரத்துப் பத்து... இருபத்தி நாலு... முப்பத்தொண்ணு. நின்னுடுச்சு அண்ணி.

— எடுக்கறேன்.

— திரும்ப ஆயிரம். அவன் சொன்னது நிஜம்தான். என்ன அண்ணி, அழறீங்களா?

— போன வாரம் ஒண்ணு சொன்னியே. சின்ன வயசுல எதைச் செஞ்சாலும் மேல டம்ளரைக் கவுத்து மூடிடுவார்னு.

— ஆமா, நான் தொட்டுடுவேன்னு பயம். அதுக்கென்ன இப்ப?

— அவர் நோட்டுல ‘கவுத்து வை, மெதுவா காயட்டும்’னு இருக்கு. இத்தனை நாளா ஆய்வகத்துல நாங்க எல்லாரும் படலத்தைத்தான் கவுத்தோம்.

— அவன் டம்ளரையா கவுத்தான்?

— டம்ளரைத்தான். இது முந்தாநாள் நான் அப்படி மூடி வச்சு செஞ்சது. அவரோடது பெட்டிக்குள்ள இருக்கு, இன்னும் ஏத்தவே இல்லை.